அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படைக் கலைச்சொற்களும் தமிழாக்கமும்: ஆரணிப் பட்டின் பெயருரிமையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கச் சட்டமுறையின் அடிப்படைச் சொற்கள் சிலவற்றைத் தமிழில் விளக்கி, அவை தமிழாக்கம் பெறும்போது எழும் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சொற்களைத் தனித்தனியே நிறுத்தாமல், ஆரணிப் பட்டு என்னும் ஊர்ப்பெயர் தாங்கிய கைத்தறிப் பொருளின் மீது பொருத்தி ஆராய்வது இதன் முறை. அமெரிக்காவின் சான்றளிப்புக் குறியும் இந்தியாவின் புவிசார் குறியீடும் ஒப்பிடப்படுகின்றன. ஒரு சட்டச்சொல்லின் தமிழாக்கம், உரிமை யாருடையது என்பதை மறைக்கவும் கூடும், வெளிப்படுத்தவும் கூடும் என்பது ஆய்வின் முடிவாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: சட்டத்தமிழ், கலைச்சொல்லாக்கம், சான்றளிப்புக் குறி, புவிசார் குறியீடு, ஆரணிப் பட்டு, வழக்கு.

1. முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவாலும் அரிசி வணிகத்தாலும் அறியப்படும் ஊர். நகரிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றூர்களிலும் கைத்தறிப் பட்டு நெசவு நடைபெறுகிறது. ‘ஆரணிப் பட்டு’ என்னும் பெயர் இந்தியப் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளது. ஊர்ப்பெயர் ஒன்று சட்டம் காக்கும் உரிமையாக மாறியிருக்கிறது என்பது இதன் பொருள். அவ்வுரிமை தறியில் அமர்ந்திருப்பவரைச் சென்று சேர வேண்டுமாயின், அதைத் தாங்கும் சட்டச்சொற்கள் அவருக்கு விளங்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டத்தை இங்கு ஒப்புநோக்குவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, புவிசார் குறியீட்டுப் பதிவு அது பெறப்பட்ட நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். அமெரிக்கக் கடையொன்றில் வேறொரு சேலை ஆரணிப் பட்டு என்னும் பெயரில் விற்கப்படுமாயின், சென்னையில் பெற்ற பதிவைக் கொண்டு அங்கு வழக்காட இயலாது; அந்நாட்டுச் சட்டத்தையே நாட வேண்டும். இரண்டாவது, இந்தியாவும் அமெரிக்காவும் ஆங்கிலேயச் சட்டமரபிலிருந்து கிளைத்தவை. ஒரே சொல் இரு நாடுகளிலும் வெவ்வேறு பொருளில் வழங்குவதால், தமிழாக்கம் செய்வோர் எளிதில் தடுமாற நேர்கிறது.

2. அமெரிக்கச் சட்டத்தின் ஊற்றுகள்

அமெரிக்கச் சட்டத்திற்கு மூன்று முதன்மை ஊற்றுகளைச் சுட்டலாம்: அரசியலமைப்பு, சட்டமன்றங்கள் இயற்றும் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவாகும் சட்டம். 1787இல் வரையப்பட்ட அந்நாட்டு அரசியலமைப்பு 1789இல் நடைமுறைக்கு வந்தது. ஏழு பகுதிகளையும் இதுவரை 27 திருத்தங்களையும் கொண்டது. அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்னும் நீதிப் புனராய்வு, அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803ஆம் ஆண்டு மார்பரி எதிர் மேடிசன் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதனை நிலைநாட்டியது.

மூன்றாம் ஊற்று தமிழில் பெரும்பாலும் ‘பொதுச்சட்டம்’ எனப் பெயர்க்கப்படுகிறது. இச்சொல் மயக்கம் தருவது. அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான உறவை ஆளும் சட்டத்தொகுதியும், அனைவர்க்கும் பொருந்தும் சட்டமும் இதே சொல்லால் குறிக்கப்படுகின்றன. இங்குக் கருதப்படுவதோ, நீதிபதிகள் வழக்குதோறும் அளித்த தீர்ப்புகளின் வழியே வளர்ந்த சட்டம். முந்தைய தீர்ப்பு பிந்தைய வழக்கைக் கட்டுப்படுத்தும் ‘முன்தீர்ப்பு நெறி’யே அதன் உயிர். ஆகவே ‘வழக்குவழிச் சட்டம்’ என்னும் தொடர் இதற்குப் பொருந்தும்.

‘மாநிலம்’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. இந்திய மாநிலங்களின் நீதிமன்றங்கள் ஒன்றியச் சட்டத்தையும் மாநிலச் சட்டத்தையும் ஒரே படிவரிசையில் நின்று பயன்படுத்துகின்றன. அமெரிக்காவின் 50 மாநிலங்களோ தத்தமக்கெனத் தனி அரசியலமைப்பையும் நீதிமன்றப் படிவரிசையையும் வழக்குவழிச் சட்டத்தையும் கொண்டவை. கூட்டாட்சி நீதிமன்றங்கள் அவற்றின் அருகே தனி அமைப்பாக நிற்கின்றன.

இப்பிரிவு வணிகக்குறிச் சட்டத்தின் வரலாற்றிலேயே வெளிப்படுகிறது. கூட்டாட்சி நாடாளுமன்றமாகிய காங்கிரஸ் இயற்றிய தொடக்ககால வணிகக்குறிச் சட்டங்களை 1879ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் செல்லாதவை என அறிவித்தது. படைப்புகளையும் கண்டுபிடிப்புகளையும் காக்கும் அதிகாரம் வணிகக்குறிகளைத் தழுவாது என்பது அதன் கருத்து. பின்வந்த சட்டங்கள் மாநிலங்களுக்கிடையிலும் அயல்நாடுகளுடனும் நிகழும் வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தின் மீது எழுப்பப்பட்டன. இன்று நடைமுறையிலுள்ள லான்ஹம் சட்டம் 1946இல் இயற்றப்பட்டது. அதில் ‘வணிகம்’ என்னும் சொல் வெறும் கொடுக்கல் வாங்கலைக் குறிப்பதன்று. கூட்டாட்சி அதிகாரத்தின் எல்லைக்கல்லாக அது நிற்கிறது.

3. ஒரு வழக்கின் வழி

கூட்டாட்சி நீதிமன்றங்கள் மூன்று படிநிலைகளில் அமைந்துள்ளன: 94 மாவட்ட நீதிமன்றங்கள், 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், ஒன்பது நீதிபதிகளைக் கொண்ட உச்ச நீதிமன்றம். விசைத்தறியில் நெய்த செயற்கை இழைச் சேலையை ஆரணிக் கைத்தறிப் பட்டு என்று அமெரிக்க வணிகர் ஒருவர் விற்பதாகக் கொள்ளலாம். அது தொடர்பான வழக்கு நடைபெறும் முறையைப் பின்தொடர்ந்தால் அடிப்படைச் சொற்கள் பல தெளிவடையும்.

முதலில் எழுவது வழக்குத் தொடுக்கும் தகுதி பற்றிய வினா. லான்ஹம் சட்டத்தின் 43ஆம் பிரிவு, பதிவு பெறாத பெயராயினும் பொருளின் தோற்றிடம் குறித்துப் பொய்யாக உரைத்தலைத் தடுக்கிறது. ஆயினும் எவரும் இப்பிரிவின்கீழ் வழக்கிட இயலாது. இப்பிரிவின் பொய்விளம்பர விதியின்கீழ் வழக்கிடுவோர் தம் வணிக நலனுக்கு, அதாவது நற்பெயருக்கோ விற்பனைக்கோ, இழப்பு நேர்ந்ததைக் காட்ட வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு லெக்ஸ்மார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஏமாந்து சேலை வாங்கியவர் இவ்விதியின்கீழ் வாதியாக முடியாது; அவர் வேறு சட்டங்களை நாட வேண்டும்.

வாதி முறையீட்டைத் தாக்கல் செய்ய, எதிர்வாதி எதிருரை அளிப்பார். அடுத்த கட்டத்தில் இரு தரப்பாரும் தம்மிடமுள்ள ஆவணங்களையும் செய்திகளையும் ஒருவர்க்கொருவர் அளிக்கக் கடமைப்பட்டவர். இதனைச் ‘சான்று வெளிப்படுத்தல்’ எனலாம். பொருட்படுத்தத்தக்க உண்மைகளில் பிணக்கு இல்லையெனில், முழு விசாரணையின்றியே நீதிபதி தீர்ப்பளிக்கலாம். அது ‘சுருக்கத் தீர்ப்பு’ ஆகும். இந்தியாவில் இம்முறைக்கு 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் இடமளித்துள்ளது.

பிணக்கு எஞ்சின் விசாரணை நடைபெறும். புலன் விசாரணை, துறை விசாரணை, நீதிமன்ற விசாரணை ஆகிய மூன்றையும் தமிழ் ஒரே சொல்லால் சுட்டுவதால், சட்டநூல்களில் ‘வழக்கு விசாரணை’ என்று அடைமொழியுடன் எழுதுவது தெளிவு தரும். அமெரிக்க அரசியலமைப்பின் ஏழாம் திருத்தம் உரிமையியல் வழக்குகளிலும் நடுவர் குழு விசாரணைக்கு உறுதியளிக்கிறது. ஆனால் இழப்பீடு கோரும்போது பொருந்தும் இவ்வுறுதி, தடையாணை மட்டும் கோரும்போது பொருந்தாது. தடையாணை பண்டைய ஆங்கிலேய ‘நேர்மைநெறி’ நீதிமன்றங்களின் மரபில் வந்தது; அதனை நீதிபதியே முடிவு செய்வார்.

மெய்ப்பிக்கும் சுமையின் அளவும் வேறுபடும். குற்றவியல் வழக்கில் நியாயமான ஐயத்திற்கு அப்பால் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். உரிமையியல் வழக்கில் தராசின் ஒரு தட்டு சற்றே தாழ்ந்தால் போதும். இதனைச் ‘சான்று மேலோங்கல்’ எனக் குறிக்கலாம்.

4. சான்றளிப்புக் குறியும் புவிசார் குறியீடும்

அமெரிக்காவில் ஊர்ப்பெயரைக் காப்பதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்படவில்லை. லான்ஹம் சட்டத்திலுள்ள சான்றளிப்புக் குறியே அப்பணியைச் செய்கிறது. ஜார்ஜியா மாநில வேளாண்மைத் துறைக்குரிய ‘விடாலியா’ வெங்காயக் குறி இதற்கு எடுத்துக்காட்டு. இக்குறியின் இயல்பு தமிழ்ச் சொல்வழக்கிற்குப் புதுமையானது. குறியின் உரிமையாளர் தாம் சான்றளிக்கும் பொருளை அக்குறியிட்டுத் தாமே உற்பத்தி செய்யவோ விற்கவோ கூடாது. வரையறுத்த தரத்தை நிறைவு செய்யும் எவருக்கும் பாகுபாடு காட்டிச் சான்று மறுக்கவும் கூடாது. இவற்றை மீறினால் பதிவு நீக்கப்படலாம். நிலத்தின் உரிமையாளர் அதில் பயிரிடலாம். வீட்டின் உரிமையாளர் அதில் குடியிருக்கலாம். சான்றளிப்புக் குறியின் உரிமையாளர்க்கு அதைத் தம் பொருளில் பயன்படுத்தும் உரிமை இல்லை. ஆகவே அவரைச் ‘சான்றுரிமையாளர்’ என்பது பொருத்தமாகும்.

இந்தியா வேறு வழியை மேற்கொண்டது. பொருள்களின் புவிசார் குறியீடுகள் (பதிவு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையில் உள்ளது. உற்பத்தியாளர்களின் நலனைச் சார்ந்து நிற்கும் சங்கமோ அமைப்போ சட்டப்படி நிறுவப்பட்ட அதிகார அமைப்போ பதிவு கோரலாம். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கவும் இயலும். இக்குறியீட்டுரிமையை விற்கவோ, உரிமமாக அளிக்கவோ, அடகு வைக்கவோ சட்டத்தின் 24ஆம் பிரிவு இடந்தரவில்லை. வணிகக்குறியிலிருந்து புவிசார் குறியீட்டைப் பிரிக்கும் முதன்மைக் கூறு இதுவே.

இந்தியாவிலும் சான்றளிப்புக் குறிகள் உள்ளன. பட்டின் தூய்மையைச் சான்றளிக்கும் ‘சில்க் மார்க்’ 2004ஆம் ஆண்டிலும், கைத்தறியில் நெய்ததைச் சான்றளிக்கும் கைத்தறி முத்திரை 2006ஆம் ஆண்டிலும் அறிமுகமாயின. ஆகவே ஓர் ஆரணிச் சேலை மூன்று குறிகளைத் தாங்கக்கூடும். முதற்குறி இழை எது என்கிறது. இரண்டாம் குறி தறி எது என்கிறது. புவிசார் குறியீடு ஊர் எது என்கிறது. மூன்றையும் ‘முத்திரை’ என்று பொதுவாகச் சொல்லும் பேச்சுவழக்கில் இம்மூன்று வினாக்களும் ஒன்றாகிவிடுகின்றன. பட்டு முத்திரை இருப்பதாலேயே ஒரு சேலை ஆரணியில் நெய்யப்பட்டதாகாது.

5. ‘உற்பத்தியாளர்’ என்னும் சொல்

நெசவாளரைப் பொறுத்தவரை மிகவும் இன்றியமையாத சொல் ‘உற்பத்தியாளர்’. பட்டுநூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. பாவு தோய்தல், சாயமிடல், நெய்தல் ஆகியவை வெவ்வேறு கைகளில் நிகழ்கின்றன. தொழிற்பொருளாயின் உற்பத்தி, பதப்படுத்தல், ஆயத்தம் ஆகிய செயல்களுள் ஒன்றேனும் குறித்த நிலப்பகுதியில் நிகழ்ந்தால் போதும் என்கிறது சட்டம். எனவே நூல் வெளியூரிலிருந்து வந்ததாலேயே ஆரணிப் பெயர் நழுவிவிடாது.

ஆனால் அவ்வூரில் உற்பத்தியாளர் யார்? கைவினைப் பொருளைச் செய்பவர் என்று தொடங்கும் சட்டத்தின் வரையறை, அப்பொருளில் வணிகம் செய்வோரையும் உற்பத்தியாளருள் அடக்குகிறது. நூலும் கூலியும் கொடுத்து நெய்விக்கும் முதலாளியும், கூட்டுறவுச் சங்கமும், தம் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவரும் ஒரே சொல்லின்கீழ் வருகின்றனர். தமிழ் வழக்கிலோ உற்பத்தியாளர் வேறு, வணிகர் வேறு. சட்டத்தைத் தமிழில் படிக்கும் நெசவாளர், இச்சொல் தம்மை மட்டுமே குறிப்பதாகக் கொள்வார். அல்லது கூலிக்கு நெய்யும் தமக்கு அது பொருந்தாது என ஒதுங்குவார். இரண்டும் பிழையான புரிதல்களே.

அடுத்த சொல், பதிவு பெற்ற குறியீட்டைப் பயன்படுத்தத் தம் பெயரைப் பதிந்துகொள்ளும் உற்பத்தியாளரைக் குறிப்பது. சட்டத்தின் 17ஆம் பிரிவின்கீழ் உற்பத்தியாளர் எனக் கோரும் எவரும் இப்பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். 21ஆம் பிரிவு இரண்டு உரிமைகளைப் பகுத்துரைக்கிறது. உரிமை மீறலுக்குத் தீர்வு பெறும் உரிமை, பதிவுற்ற உரிமையாளர்க்கும் பதிந்துகொண்ட உற்பத்தியாளர்க்கும் பொதுவானது. குறியீட்டைத் தம் பொருள்மீது பயன்படுத்தும் தனியுரிமையோ பதிந்துகொண்ட உற்பத்தியாளர்க்கே உரியது. அவர் இறப்பின் அவ்வுரிமை சட்டப்படி அவருடைய வாரிசைச் சேரும்.

இத்தகையவரைப் ‘பயனாளி’ என்றோ ‘அனுமதிக்கப்பட்ட பயனாளர்’ என்றோ தமிழாக்கினால் நேர்வது யாது? தமிழகத்தில் ‘பயனாளி’ என்பது அரசின் நலத்திட்ட உதவியைப் பெறுபவரைக் குறிக்கும் சொல்லாக வேரூன்றிவிட்டது. விலையில்லாப் பொருளையோ ஓய்வூதியத்தையோ பெறுபவர் பயனாளி. வழக்கிடும் தகுதியும் தனியுரிமையும் வாரிசுரிமையும் உடையவர் அச்சொல்லால் உதவி பெறுபவராகச் சுருங்கிவிடுகிறார். ‘உரிமைபெற்ற பயன்படுத்துநர்’ என்பது சற்றே நீளமாயினும், உரிமையைச் சொல்லின் முகப்பிலேயே நிறுத்துகிறது.

அமெரிக்கச் சான்றளிப்புக் குறியில் உற்பத்தியாளரின் நிலை வேறு. தரத்தை நிறைவு செய்தவர்க்குச் சான்று மறுக்கக் கூடாது என்பது அவருக்குரிய காப்பு. ஆனால் குறியை மீறியோர்மீது வழக்கிடுவது முதன்மையாகச் சான்றுரிமையாளரின் பணி. இந்தியச் சட்டம் நெசவாளர்க்கு நேரடியாக அளிக்கும் உரிமை இவ்வகையில் வலியது. அவ்வலிமை அவர் தம் பெயரைப் பதிந்துகொள்வதைச் சார்ந்துள்ளது. அதனைச் செய்யத் தூண்டுவதும் தடுப்பதும் ஓரளவு சொல்லின் கையில் உள்ளன.

6. ‘வழக்கு’: ஒரு சொல், இரு பொருள்

தமிழில் ‘வழக்கு’ என்பது நீதிமன்ற வழக்கையும் சொற்களை மக்கள் வழங்கும் முறையையும் குறிக்கும். வழக்கையும் செய்யுளையும் இலக்கணத்தின் அடிப்படையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பிடுவது அறிஞர் அறிந்தது. ஊர்ப்பெயர் குறித்த அமெரிக்கத் தீர்ப்புகளில் இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று தொடுகின்றன. ஓர் ஊர்ப்பெயர் மக்கள் வழக்கில் பொருள்வகையின் பெயராக மாறிவிட்டால், அதாவது ‘பொதுப்பெயர்’ ஆகிவிட்டால், அது சட்டக் காப்பை இழக்கும்.

1962ஆம் ஆண்டு ராக்ஃபோர்ட் பாலாடைக்கட்டி வழக்கு இதற்குச் சான்று. அப்பிரெஞ்சு ஊரின் பெயர் அமெரிக்காவில் சான்றளிப்புக் குறியாகப் பதியப்பட்டிருந்தது. வேறு நாடுகளில் செய்த பாலாடைக்கட்டியை இறக்குமதியாளர் ஒருவர் அப்பெயரில் விற்றார். அப்பெயர் பொதுப்பெயராகவில்லை எனக் கருதிய இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊராருக்குச் சார்பான சுருக்கத் தீர்ப்பை உறுதி செய்தது. 2023ஆம் ஆண்டு கிரியேர் வழக்கில் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் எதிர்முடிவுக்கு வந்தது. சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளின் உற்பத்தியாளர் அமைப்புகள் அப்பெயருக்குச் சான்றளிப்புக் குறி கோரின. அமெரிக்க நுகர்வோரிடையே அச்சொல் ஒருவகைப் பாலாடைக்கட்டியின் பெயராகவே வழங்குகிறது எனக் கூறி நீதிமன்றம் அதனை மறுத்தது.

இந்தியத் தொடர்புடைய எடுத்துக்காட்டும் உண்டு. இந்தியத் தேயிலை வாரியம் ‘டார்ஜிலிங்’ பெயரை அமெரிக்காவில் சான்றளிப்புக் குறியாகப் பதிந்திருந்தது. ‘டார்ஜிலிங் நூவோ’ என்னும் பெயரைப் பதிய நிறுவனம் ஒன்று முயன்றபோது வாரியம் எதிர்த்தது. டார்ஜிலிங் என்பது பொதுப்பெயராகிவிட்டது என்னும் வாதத்தை ஏற்காத வணிகக்குறி விசாரணை மற்றும் மேல்முறையீட்டு வாரியம், 2006இல் தேயிலை வாரியத்தின் எதிர்ப்பை ஏற்றது.

இவற்றிலிருந்து ஆரணிக்கு ஒரு செய்தி பெறப்படுகிறது. ‘ஆரணிப் பட்டு’ என்பது இடம் குறித்த பெயராக வழங்கும் வரையிலேயே அது உரிமை. எடை குறைந்த, விலை மலிந்த பட்டுச்சேலை எதையும் ‘ஆரணி ரகம்’ என்று வணிக வழக்கு சுட்டத் தொடங்கினால், அப்பெயர் ஊரைவிட்டு நீங்கிப் பொருள்வகைக்குச் சென்றுவிடும். இந்தியச் சட்டமும் பொதுப்பெயர்களைப் பதிவு செய்யத் தடைவிதிக்கிறது. ஆரணியில் நெய்த சேலை வேறூர்ப் பெயரில் விற்கப்படுமாயின் அதுவும் இழப்பே. ஆரணி என்னும் பெயர் தன் சேலையோடு வழங்கும் வாய்ப்பு அவ்வளவுக்குக் குறைகிறது.

7. முடிவுரை

அமெரிக்கச் சட்டச்சொற்களைத் தமிழாக்கும்போது நேர்ச்சொல் காண்பது பணியின் தொடக்கமே. ஒவ்வொரு சொல்லையும், உரிமை யாருடையது, யாருக்கு எதிரானது, எந்த மன்றத்தில் நிறைவேறுவது என்னும் மூன்று வினாக்களால் சோதித்தறிதல் வேண்டும். அச்சோதனையில் பொதுச்சட்டம், உரிமையாளர், பயனாளி, விசாரணை ஆகிய சொற்கள் குறையுடையவையாகக் காணப்பட்டன. அவற்றுக்கு ஈடாக வழக்குவழிச் சட்டம், சான்றுரிமையாளர், உரிமைபெற்ற பயன்படுத்துநர், வழக்கு விசாரணை ஆகியவை முன்மொழியப்பட்டன. ‘உற்பத்தியாளர்’ போன்ற சொல்லை மாற்ற இயலாதபோது, வணிகரையும் அடக்கும் அதன் சட்டப்பொருளை உடன் விளக்குதல் கடமையாகிறது.

பதிவு விண்ணப்பங்களும் கூட்டுறவுச் சங்கச் சுற்றறிக்கைகளும் இத்தகைய சொற்களால் எழுதப்படுமாயின், தறியில் அமர்ந்திருப்பவர் தம்மை உதவி பெறுபவராக அன்றி உரிமை உடையவராகக் காண வழி பிறக்கும். சட்டத்தமிழ் ஆய்வு நீதிமன்ற மொழிபெயர்ப்போடு அமையாது, தொழிலூர்களின் வாழ்வுரிமைச் சொற்களையும் தன் எல்லைக்குள் கொள்ளுதல் தகும்.